ஆறு கல், ஆறு அளவு

"நீ எது வரைக்கும் படிச்ச?" என்று அஜித் ஒருமுறை என்னைக் கேட்டான். ஒன்பதாவதோடு நின்றவள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

கள்ளக்குறிச்சியில் நில வரைபடம் போட்டுத் தரும் அன்சர் பாய் கடையில் நான் எண்களைத் தட்டுகிறவள். அஜித் இன்ஜினியர். யாரோ இலவசமாகக் கொடுத்த மென்பொருளின் நிரலைத் தானே கம்பைல் செய்து ஓட வைத்து, தன் பெயரை ஒட்டி, கடை கடையாக விற்கிறவன்.

கல்வராயன் மலையிலிருந்து வந்த இருசம்மாளுக்கு அன்று மாலைக்குள் பட்டா மனு கொடுத்தாக வேண்டும். காகிதத்தில் இருக்கும் அளவுதான் பட்டாவில் ஏறும். அவருடைய மரவள்ளிக் கொல்லை பழைய மென்பொருளில் நாற்பத்து நான்கு சென்ட்; அஜித்தின் புதியதில் முப்பத்தெட்டு.

"மீதி எங்கப்பா போச்சி?" என்று, மென்பொருளைப் பொருத்த வந்திருந்த அஜித்தைக் கேட்டார் இருசம்மாள்.

"பழசு தப்பும்மா. இது எவ்ளோ ஃபாஸ்ட் தெரியுமா?"

"ஆமா, ஆறு சென்ட்ட அதுக்குள்ள முழுங்கிட்ச்சே!"

எங்கள் கடையில் எப்போதும் வடகிழக்கு மூலைக்கல்லில்தான் கணக்கைத் தொடங்குவோம். நான் அஜித்தின் மென்பொருளிலேயே அடுத்த கல்லில் தொடங்கினேன். நாற்பத்தேழு. அதற்கடுத்த கல்லில் நாற்பத்தொன்று. ஆறு கல்லுக்கும் ஆறு அளவு. கொல்லை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

அன்சர் பாய் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது? நிலமா, ரப்பரா?"

"ரவுண்டிங் பாய். அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

மென்பொருளோடு வந்த குறிப்பை நான் திறந்து காட்டினேன். இத்தனை நாளும் அவன் திறக்காத கோப்பு. மூலைக்கற்களின் இடத்தைக் குறிக்கும் பெரிய எண்களைக் கூட்டும்போது உதிரும் கடைசி இலக்கங்களைப் பொறுக்கிச் சேர்க்க, மென்பொருளை எழுதியவர் சில நிரல் வரிகள் வைத்திருந்தார். கணக்கை வேகமாக்கும் 'ஃபாஸ்ட் மேத்' என்ற கட்டளைச் சொல்லை, அந்த ஃபிளாக்கைப் போட்டுக் கம்பைல் செய்தால் அந்த வரிகள் வீண் என்று கம்பைலர் தூக்கிவிடும், போடாதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எச்சரித்திருந்தார். அஜித் அதைப் போட்டிருந்தான். வேகமானது என்று சொல்லி விற்க வேண்டுமே.

"அத எடுத்தா ரெண்டு செகண்ட் ஜாஸ்தி ஆவும் பாய்."

"காலையிலேர்ந்து நின்னுக்கினுதான் கீறேன்," என்றார் இருசம்மாள். "அந்த ரெண்டையும் நிக்கிறேன், போடு."

அஜித் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, ஃபிளாக்கை எடுத்துவிட்டு, மறுபடி கம்பைல் செய்தான். எந்தக் கல்லில் தொடங்கினாலும் நாற்பத்து நான்கு.

காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு இருசம்மாள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

"இதே சரக்க வேற எத்தினி கடைக்குப் போட்டுக் குடுத்துக்கீற?" என்று கேட்டார் அன்சர் பாய்.

அஜித் லேப்டாப்பைப் பையில் திணித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.