தாய் தொலைத்த குழந்தை

கரை கடந்து ஊருக்குள் புகுந்த ஆறு, தான் செய்த கொடுமை எதுவும் தனக்குத் தெரியாதது போல மீண்டும் தன் வழியே அடங்கி ஓட, சேறு படிந்த தெருக்களின்மேல் இளவெயில் ஏறி, மேட்டில் நின்ற நற்செய்திப் பணியாளரின் மருத்துவமனைப் பலகணிகளை ஒவ்வொன்றாய்த் தொட்ட காலைப்பொழுது அது. அன்பரே, வீடிழந்தோரை நண்பகலில் தொலைவூர்களுக்கு ஏற்றிச்செல்ல ஆற்றங்கரையில் வண்டிகள் வந்து நின்றன. மருத்துவமனையின் கடைசிக் கட்டிலிலோ, மூன்று நாளாகத் தேடுவாரின்றி ஒரு பெண் குழந்தை கிடந்தது.

மிதந்துவந்த கதவொன்றைப் பற்றிக்கொண்டிருந்த அதனை மீட்டவர்கள், தலையில் ஆழ்ந்த புண்ணும் முறிந்த இடக்கையுமாய்க் கொணர்ந்து சேர்த்திருந்தார்கள். அச்சத்தில் வாயடைத்துப்போன அது, பெயர் கேட்டால் சுவரைப் பார்த்தது. நெருக்கடி மிகுந்திருந்ததால், வாயிற்பலகையில் எழுதிய அடையாளங்கள் தம் பிள்ளையோடு ஒத்ததாகச் சொன்னவரை மட்டுமே உள்ளே விடுவது அங்கே வழக்கமாயிருந்தது. நாற்பதாண்டுத் தொண்டில் நரைத்தவரும் அழகிய கையெழுத்துக்குப் பேர்போனவருமான அருட்சகோதரி, 'மூன்று அகவைப் பெண், மழித்த தலை, நீலச் சட்டை' என்று அப்பலகையில் தம் கைப்படத் தீட்டி, பிழையுண்டோ என இருமுறை சரிபார்த்தும் வைத்திருந்தார்.

அன்று நண்பகல் நெருங்குகையில், கட்டு மாற்றும்போது குழந்தை முதன்முறையாக வாய் திறந்தது.

"சடை போட்டு விடு."

சகோதரியின் கை அப்படியே நின்றுவிட்டது. தையலிடுவதற்காகக் கூந்தலை மழித்தவர் அவரே. கிழிந்த மஞ்சள் உடையைக் களைந்து நீலச் சட்டை அணிவித்தவரும் அவரே. தாம் கண்ட குழந்தையை எழுதினாரேயன்றி, தாய் தொலைத்த குழந்தையை எழுதவில்லை!

செருப்பு சேற்றில் புதைய, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஆற்றங்கரைக்கு ஓடி, உறுமத் தொடங்கிய வண்டிகளினிடையே நின்று தொண்டை கிழியக் கூவினார்.

"மூணு வயசுப் பொண்ணு! நீளச் சடை! மஞ்சக் கவுன்!"

ஓடத் தொடங்கிய வண்டியிலிருந்து ஒருத்தி குதித்தாள். கணவனும் பின்னாலேயே குதித்தான்.

"காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கா சிஸ்டர்?"

"இருக்கும்மா, இருக்கு!"

கட்டிலருகே ஓடிவந்த தாயைக் கண்ட குழந்தை சற்றே வெறித்து நோக்கி, பின்பு அதுவரை அடக்கிய அழுகையனைத்தையும் ஒருங்கே கொட்டித் தீர்த்தது. தந்தை கட்டில் விளிம்பில் அமர்ந்து தேம்பினான்.

"மூணு நாளும் உங்க வாசல்லதான் நின்னோம். மொட்டைன்னு எழுதியிருந்துச்சு. வேற யார் புள்ளையோன்னு திரும்பிட்டோம்."

சகோதரி தலை கவிழ்ந்தார். "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

தாய் குழந்தையின் தலைக்கட்டை மெல்ல வருடினாள். "கோவம் வரத்தான் செய்யுது. பொய் சொல்லமாட்டேன்" என்றாள் பின்பு. "ஆனா இவ வலியில துடிச்சப்ப நான் பக்கத்துல இல்ல. நீங்க இருந்தீங்க."

அவ்வாறு கூறியவள், சகோதரியின் முதிய கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

எத்தனையோ பேரின் நன்றியைப் புன்னகையோடு ஏற்றுப் பழகிய சகோதரிக்கு, இந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. மருத்துவமனைச் சிற்றாலயத்துக்குச் சென்று வெறுந்தரையில் முழந்தாளிட்டார். நாள்தோறும் ஓதும் மொழிகளில் ஒன்றும் நாவில் எழவில்லை. நாற்பதாண்டுகளாகப் பிறர்க்கென்றே இறைவனை வேண்டிவந்த அவர், தாம் மன்னிக்கப்பட்டதற்காக அன்றுதான் அழுது நன்றி கூறினார்.