கூரை போட்ட பக்கம்

கல்முனைப் பிரதான வீதியிலிருந்த கொம்பியூட்டர் நிலையத்தில் வெப் பக்கம் கட்டத் தெரிந்தவள் றஸ்னா ஒருத்திதான். 1999 ஆடியில் கொழும்பிலிருந்து சீடியில் வந்த, பக்கம் கட்டும் மென்பொருளின் புதிய பதிப்பில் மூன்று வசதிகள் கூடியிருந்தன. படத்தை மவுஸால் இழுத்து விரும்பிய இடத்தில் விடலாம். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கலாம். மவுஸ் மேலே போனதும் ஒரு படம் மறைந்து வேறொன்று வரும். இதற்கு முன்பு இருபத்திரண்டு வரி எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒரு கட்டத்தில் சரி போட்டால் போதும்.

மூன்றையும் அவள் முதலில் தன் கலியாணத்துக்கே பயன்படுத்தினாள்.

பெண் வீட்டார் மகளுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடு முடிந்தால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பார்கள். அட்டாளைச்சேனையிலிருந்த மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறாவுக்கு முழங்கால் வருத்தம். "மகன் பார்த்துச் சொல்லட்டும்" என்றுவிட்டார். மகன் முனாப் கட்டாரில் இருந்தான். அவன் அங்கிருந்தே பார்க்க, வீட்டைப் படமெடுத்து றஸ்னா ஒரு வெப் பக்கம் கட்டினாள். வீடோ சுவரோடு நின்றது. கூரை மரத்துக்குச் சொன்ன லொறி இரண்டு மாதமாக வந்தபாடில்லை.

"கூரையையும் வெச்சிரு மகள்," என்றார் வாப்பா மீராசாஹிபு, திரையைப் பார்த்தபடி.

"இல்லாத கூரைய எப்படி வாப்பா வைக்கிற?"

"சாச்சாட ஊட்டுக் கூரைய எடு. அவரு என்ன, நனையவா போறாரு?"

வாப்பாவின் தம்பியான சாச்சாவின் கூரைப் படம் சுவர்ப் படத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. றஸ்னாவுக்குத்தான் மனம் உட்காரவில்லை. எனவே மூன்றாவது வசதியையும் சேர்த்தாள். மவுஸ் பட்டதும் கூரை போய் வெறும் சுவர் தெரியும். உண்மை பக்கத்திலேயே இருந்தது. பார்ப்பவர் கையை அசைத்தால் போதும். வாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. பக்கத்தைப் பதிந்த பிளொப்பி பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து இணையத்தில் ஏறியது.

பத்தாம் நாள் ஆட்டோவிலிருந்து ஹாஜறா இறங்கினார். கையில், அந்தப் பக்கத்தை அச்செடுத்து மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பெக்ஸ். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"பெக்ஸ்ல கூரை இரிக்கு."

"ஓம் மாமி."

"இங்க வானம் இரிக்கு."

மீராசாஹிபு மணல் குவியலைக் கவனமாக ஆராய்ந்தார்.

"கொம்பியூட்டர்ல மவுஸ மேல கொண்டு போனா கூரை போயிரும் மாமி," என்றாள் றஸ்னா.

ஹாஜறா பெக்ஸைப் பெருவிரலால் இரண்டு தரம் தேய்த்தார். "போகல்லயே."

பொய் சொல்லும் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மகனிடம் சொல்வதற்காக, ஹாஜறா நேரே வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கொமியூனிகேஷன் கடைக்கு நடந்தார். விளக்கம் சொல்ல றஸ்னாவும் பின்னால் போனாள். முழங்கால் வருத்தம் இருவருக்கும் நினைவில் இல்லை.

ஹாஜறா தொலைபேசியில் முழுவதையும் சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ரிசீவரை றஸ்னாவிடம் நீட்டினார். "ஒன்னோட கதைக்கணுமாம்."

அவன் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"மொத நாளே கண்டன்," என்றான் முனாப். "ஒரு நாப்பது தரம் கூரையக் கழட்டிப் பூட்டியிருப்பன்."

"அப்ப ஏன் கூரையோட அனுப்பின நீங்க?"

"இல்லாட்டி உம்மா நாள் குறிக்க மாட்டா. முழங்கால் ஏலாதவ, பாக்கப் போவா எண்டு ஆரு கண்ட? இப்ப உம்மாக்கிட்டயும் சொல்லிட்டன்."

வெளியே ஹாஜறா, பின்னாலேயே வந்து நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு ஊடும் ஒண்டுக்கொண்டு குறைவில்ல," என்றார். "மரத்துக்கு எங்கட ஊர் லொறிக்காரனுக்குச் சொல்றன். கூரை ஏறினதும் நாள் குறிப்பம்."

பெக்ஸை நாலாக மடித்து றஸ்னாவின் கையில் வைத்தார்.

"இத ஊடு கட்டுற மேசனுக்குக் குடு. இப்படியே போடட்டும்."