ஹெல்மெட் போன வழி

அந்த ஏரி பிறந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. பள்ளம் தோண்டி, அடியில் கனத்த பிளாஸ்டிக் விரித்து, குழாயில் நீர் நிரப்பியது. சுற்றிலும் வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே மரம், புல், நடைபாதை எங்கெங்கே வரவேண்டும் என்று வரைவது அவள் வேலை. வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், “புல்லு வைக்கிற படிப்பு” என்று சொல்லிவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

கிழக்கு மூலையில் குழந்தைகள் காலை நனைத்தபடி உட்கார ஒரு படித்துறை வரைந்திருந்தாள். அன்று மதியம் அங்கே கான்கிரீட் கொட்டுவதாக இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அந்த மூலை முழுக்க நுரை, சருகு, சிமெண்டு மூட்டைக் கிழிசல், வயிறு வெளுத்த ஒரு செத்த தவளை. முந்தின நாள்தான் ஆள் விட்டு அள்ளியிருந்தார்கள். மற்ற கரைகளோ துடைத்துவிட்ட மாதிரி இருந்தன.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஏன் என்று கண்டுபிடிக்கிற நமைச்சல்தான் வந்தது. கொட்டகையில் கிடந்த காலி பாட்டில்களைப் பொறுக்கி ஒவ்வொரு கரையிலிருந்தும் ஒன்றை மிதக்கவிட்டாள். மற்றவை மர மறைவில் காற்றுப் படாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்க, மேற்கே விட்டது மட்டும் வேலைக்கு நேரமான ஆள் போல நேராகக் கிழக்கு மூலைக்குக் கிளம்பியது. வளர்ந்த மரங்களாகவே கொண்டுவந்து நட்டிருந்த வரிசையில் மேற்கேதான் ஓட்டை. தன் வீட்டிலிருந்து ஏரி தெரியவேண்டும் என்று, இந்த வீடுகளைக் கட்டும் முதலாளி அங்கே நான்கைந்து மரங்களைப் பிடுங்கச் சொல்லியிருந்தார். காற்று அந்தச் சந்தில் நுழைந்து குப்பையைத் தள்ளிக்கொண்டு போனது.

முதலாளி வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். மரத்தை வையுங்கள், இல்லையென்றால் படித்துறையை மாற்றுங்கள், இரண்டில் ஒன்று.

“காத்து வந்தா நல்லதுதானம்மா.”

“உங்க ஜன்னலுக்கு நல்லது சார். இங்க உக்காரப்போற பிள்ளைங்க காலுக்கு இல்ல.”

பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் மாட்டி நின்ற எஞ்சினியருக்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காற்று நல்லதுதான் என்றார். பாட்டில் விட்டு விளையாடவா சம்பளம் என்று முதலாளி முணுமுணுத்தார்.

அவள் கொட்டகைக்குள் போனாள். மேசைமேல் இருந்த முதலாளியின் வெள்ளை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்கு நடந்தாள். மல்லாத்தித் தண்ணீரில் வைத்தாள். ஆமாம்சாமிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

ஹெல்மெட் ஒரு சுற்றுச் சுற்றியது. நகர்ந்தது. நடு ஏரியில் தயங்கி நின்றபோது முதலாளிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு அது மறுபடி கிளம்பிற்று. எல்லோரும் கரையோடு கரையாக அதன் பின்னாலேயே நடந்தார்கள். கடைசியில் நுரையைக் கிழித்துக்கொண்டு போய்த் தவளையை முட்டி நின்றது.

வாசலில் கான்கிரீட் லாரி வயிற்றைச் சுழற்றியபடி ஹாரன் அடித்தது. அவள் திட்டு விழக் காத்திருந்தாள். முதலாளி இடுப்பில் கை வைத்து ஹெல்மெட்டைப் பார்த்தார், மரச் சந்தைப் பார்த்தார்.

“வடக்குக் கரையில விட்டா எங்க போகும்?”

“தெரியல சார். பாட்டில் அங்கயே நின்னுச்சு. ஹெல்மெட் ஆழமா உக்காருது, வேற மாதிரி போகலாம்.”

லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, முதலாளி ஆமாம்சாமியின் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.