பாசத்தில் பதம் கெட்ட தண்டு

தொழிற்சாலையில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். அச்சுத்தண்டை இறுகவைக்க மணிக்கணக்கில் உலையில் வேகவைக்க வேண்டாம், மின்சுருளுக்குள் நிறுத்திச் சில நொடிகளில் பழுக்கக் காய்ச்சி, உடனே தண்ணீரைப் பீய்ச்சினால் போதும் என்று பேசிப் பேசியே முதலாளியை அந்த மெஷினை வாங்க வைத்தவள் அவள். முதல் தண்டுகள் முறுக்கிப் பார்த்ததுமே பல்லிளித்தன. அடுத்ததும் தோற்றால் மெஷின் வந்த வழியே திரும்பும். அவள் பேச்சு அப்புறம் அங்கே எடுபடாது.

இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரம் கூடினால் எஃகுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் கொழுத்துவிடும், அப்புறம் தண்டு சட்டென்று முறியும். கோளாறு சூட்டில் இல்லை, அதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சுருளுக்குள் போகாத தண்டு ஒன்றை அறுத்துத் தேய்த்து, அமிலம் தடவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

குட்டு வெளிப்பட்டது. பொடிப்பொடியாகப் பரவியிருக்க வேண்டிய கார்பன், உருண்டை உருண்டையாகத் திரண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கரைக்கச் சில நொடிகள் போதாது; கரையாத இடம் தண்ணீர் பட்டாலும் இறுகாது. யாரோ தண்டுகளை உலையில் வைத்து ஆற அமரச் சூடு குறைத்திருக்கிறார்கள்.

உலையைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய நாத்தனார். கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்.

"டூல் மழுங்குது, கை வலிக்குதுன்னு அண்ணன் புலம்பிட்டே இருந்தாரு அண்ணி. கடையறதுக்கு மெத்துன்னு இருக்கட்டுமேன்னு ராத்திரி பூரா உலையிலயே விட்டுட்டேன்."

அந்த அண்ணன், அவசரத்தின் கணவன், தண்டுகளைக் கடையும் தன் லேத்தருகே ஒன்றும் தெரியாதவன்போல நின்றிருந்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பொறாமையும். அந்தக் கை வலி தனக்குத் தெரியாமல் போயிற்றே.

நாத்தனாரே புதுத் தண்டுகளைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடுகாட்டிக் கொடுத்தாள். இப்போது கார்பன் பொடியாகப் பரவியிருந்தது. கணவன் முணுமுணுத்துக்கொண்டே கடைந்தான். சுருளுக்குள் தண்டு சிவந்தது, தண்ணீர் சீறியது. முறுக்கும் மெஷினில் முள் குறித்த கோட்டைத் தாண்டியும் தண்டு அசைந்துகொடுக்கவில்லை. முதலாளி சுருள் மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் அவள் லேத்தருகே போனாள்.

"வலிச்சா எங்கிட்ட சொல்லக்கூடாதா? அதை நான் மைக்ரோஸ்கோப்புல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"நின்னு கேக்க உனக்கு எங்க நேரம்?" என்றான் அவன்.

சுருக்கென்று தைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.