போர்ட்டிகோவில் ஒயில்

ஆரையம்பதியில் கனகசிங்கத்தின் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பழைய டட்சன் கார் நின்றது. நில அளவையாளராக இருந்த காலத்தில் மாவட்டம் முழுக்க அதில்தான் திரிந்தார். ஓய்வு பெற்றபின் கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது. இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கார் நின்ற இடத்திலேயே நின்றது. வேறொருவரிடம் திறப்பைக் கொடுத்து ஓட்டச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

எஞ்சினுக்குக் கீழே ஒயில் சொட்டுவதை மனைவி சுலோஜனாதான் முதலில் கண்டாள். ஒரு சாக்கைப் போட்டாள். அது ஊறியதும் இன்னொன்றைப் போட்டாள். மாரி தொடங்கியபோது சாரல் அடித்து, ஒயில் சீமெந்துத் தரையெங்கும் பரவியது. பூப்பறிக்க இறங்கியவள் வழுக்கி விழுந்தாள்.

சத்தம் கேட்டுக் கனகசிங்கம் ஓடி வந்தார்.

"எங்ககா கிடக்காய்?"

"இஞ்சதான்... உங்கட காலடியில."

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஏறாவூர் மெக்கானிக் பக்கீரை அழைத்தார். பக்கீர் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"முன்னுக்கும் பின்னுக்கும் ஒயில் சீல், ஒயில அடைக்கிற ரப்பர் வளையம், போயிட்டு சேர். ஓடாத காருக்கு இதான் வருத்தம். ஒயில் படாம நிண்டா ரப்பர் காஞ்சி கல்லாப் போயிரும்."

"மாத்தேலுமா?"

"ஏலும். பின் சீலுக்கு கியர் பொக்ஸக் கழட்டணும்."

கழற்றியபின் பக்கீர் கனகசிங்கத்தின் விரலைப் பிடித்து, எஞ்சினின் சுழலும் தண்டில் வைத்தார். வளையமாக ஒரு மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது.

"சீல் உரசி உரசித் தேஞ்ச இடம். புதுச் சீல அந்தப் பள்ளத்தில படாமக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப் பூட்டுறன். ஆனா கிழமைக்கு ஒருக்காலாவது கார் ஓடணும் சேர்."

"ஆரு ஓடுற?"

பக்கீர் கையைத் துடைத்துவிட்டுப் புதுச் சீலை எடுத்தார். ஏறாவூரிலிருந்து வாரா வாரம் வருவது அவராலும் ஆகாத காரியம்.

சுலோஜனா ஊன்றுகோல் சட்டத்தோடு வீடு வந்தாள். கனகசிங்கம் தினமும் காலையில் குனிந்து, காரின் கீழே தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. நின்ற இடத்திலேயே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். அது போதாது என்று பக்கீர் சொல்லியிருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மாரி முடியும் தறுவாயில் ஒருநாள் கை பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யன்னலில் சுலோஜனாவின் குரல் கேட்டது. "திரும்பவுமா?"

"ஓம்கா."

இரண்டு நாள் கழித்துப் பக்கீர் தொலைபேசியில் அழைத்தார். "இனி அந்தத் தண்டத்தான் மாத்தணும் சேர். கொழும்பிலயும் கேட்டுப் பாத்திட்டன். எங்கயும் எடுக்கேலாமக் கிடக்கு."

கடைசியில் காரை வீட்டுப் பின்வளவு மணலுக்குத் தள்ளுவதென்று முடிவாயிற்று. பக்கீரும் அயலவர் இருவரும் பின்னால் நின்றார்கள். ஸ்டியரிங்கை மற்றவர்களிடம் விடக் கனகசிங்கம் சம்மதிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே முருங்கை மரம் தெரிந்தது. இரு பக்கமும் சுவர் எங்கே, தூண் எங்கே என்று தெரியவில்லை.

"இடப்பக்கம் ஒடிங்க," யன்னலில் நின்று சுலோஜனா கத்தினாள். "இன்னும்... இன்னும்... ஐயோ, போதும்!"

பக்கக் கண்ணாடி தூணில் இடித்து நொறுங்கியது. பக்கீர் கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி தள்ளினார். மரத்தடிக்கு வந்ததும் சக்கரங்கள் மணலில் புதைந்து, கார் தானாக நின்றது. பக்கீர் எஞ்சினுக்குக் கீழே ஒரு பழைய தகரத் தட்டை வைத்தார்.

தள்ளியவர்கள் கைகழுவப் போய்விட்டார்கள்.

"இறங்குங்களன், தேத்தண்ணி ஆறுது," என்றாள் சுலோஜனா.

"வாறன்," என்றார் கனகசிங்கம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.