மெர்லின் வீட்டு இரண்டு பிரிட்டோ

வீடியோ கேமுக்குள் இருந்த பிரிட்டோ சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புதுச்சேரி பஸ்ஸில் மரக்காணம் வந்து இறங்கினான். வெளியே இருந்த அசல் பிரிட்டோ அந்த நேரம் வீட்டில் ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இறங்கியவன் இடுப்பு உயரமே இருந்தான், அதில் பாதி தலை. சிவப்பு ரேஸ் உடுப்பு, பூசணிக்காய் அளவு ஹெல்மெட், கைக்கு நாலு விரல். கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த கருவாட்டுக்காரம்மாள், தலை தன் சீட்டையும் சேர்த்து அடைத்துக்கொண்டது, முழு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும் என்று பஸ் கிளம்பும்வரை வாதாடினாள். டீக்கடையில் இருந்தவர்களுக்கும் ஆச்சரியம்தான், ஆனால் அது வேறு விஷயத்தில். ரேஸ்காரன் போயும் போயும் பஸ்ஸிலா வருவான் என்றார்கள்.

பிரிட்டோ ரேஸ்காரன் ஆன கதை ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊருக்கெல்லாம் அவனே சொல்லியிருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் மழை நாளில் நடந்த ஒரு பந்தயத்தில் மற்ற கார்கள் எல்லாம் வழுக்கிப் புல்லில் போய் நின்றுவிட, கடைசிவரை ஓடியவை மூன்று. பிரிட்டோ மூன்றாவது. அந்தக் கோப்பை கல்யாணப் பேச்சின்போது நடுவீட்டில், மாதா சுரூபத்துக்குச் சற்று மேலே வைக்கப்பட்டிருந்தது. கிளியனூரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மெர்லின் அதைப் பார்த்துத்தான் தலையாட்டினாள். அப்படி ஆட்டியதற்காகத் தன் தலையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பந்தயத்துக்குப் பிறகு பிரிட்டோ வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. உப்பு மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டச் சொன்னால், ரேஸ் ஓட்டிய கை அதற்கெல்லாம் வளையாது என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவான். அப்பா விட்டுப்போன குத்தகை உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினை விற்று ஒரு ஹெல்மெட் வாங்கினான். மெர்லின் கேட்டதற்கு, "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றான். எதைக் கேட்டாலும் அவன் சொல்வது அதுதான்.

பெங்களூரில் ஒரு கம்பெனி, நிஜ ரேஸ்காரர்களைப் பொம்மைகளாக்கிப் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் ஒன்றைச் செய்தது. கட்டையான குட்டி வண்டி, பெரிய தலை, ஓடும்போதே ஒருவர்மேல் ஒருவர் தேங்காய் மூடி எறிந்துகொள்வார்கள். ஜெயித்த வீரர்களில் ஒருவர் தன் மூஞ்சியைக் கேலிப்படமாக்க ஒப்பாததால் ஓர் இடம் காலியாகி, அதில் பிரிட்டோவைப் போட்டார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு விசேஷ சக்தி உண்டு. ஒருவன் நெருப்பு விடுவான், ஒருத்தி பறப்பாள். பிரிட்டோவுக்குக் கொடுத்தது அழுகை. பட்டனை அமுக்கினால் பொம்மை விம்மி அழும், ரோட்டில் கண்ணீர் தேங்கும், பின்னால் வருகிறவர்கள் வழுக்குவார்கள். ஆனால் அவன் வண்டிதான் எல்லாவற்றிலும் மெதுவானது என்பதால் பின்னால் வர ஆள் இருப்பதில்லை. பிரிட்டோ இதையெல்லாம் கவனிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் "மரக்காணத்தின் மின்னலே" என்று தனக்குத்தானே பிளக்ஸ் வைத்துக்கொண்டான். கீழே வாழ்த்துபவர்கள் என்று போட்டிருந்த பெயர்களில் பாதிப்பேர் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் தாங்கள் வாழ்த்திய விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

சின்ன பிரிட்டோ அந்தப் பிளக்ஸைப் பார்த்து வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த மெர்லினிடம், "போலாமா?" என்றான். ஸ்டுடியோவில் பிரிட்டோவின் குரலில் அவனுக்குப் பதிந்து வைத்த வார்த்தை இரண்டுதான்: கிளம்பும்போது "போலாமா", தோற்றதும் "அடுத்த தடவ பாத்துக்கலாம்". மெர்லின் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "ஒண்ணுக்கே சோறு போட முடியல, சாமி இன்னொண்ணு அனுப்பிச்சிருக்காரு பாரு" என்றாள். தூக்கம் கலைந்து வந்த பிரிட்டோ தன்னைப் போலவே இருந்ததைச் சுற்றிச் சுற்றி வந்து, மூக்கு மட்டும் சரியில்லை என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை மாதிரி வந்திருக்கிறது, வைத்துக்கொள் என்று புத்தி சொன்னார்கள். "பிள்ள மூஞ்சப் பாரு, மீசையோட" என்று மெர்லின் கதவைச் சாத்தினாள், ஆனால் அவனை உள்ளே விட்டுத்தான் சாத்தினாள்.

அந்தப் பருவத்தில் மெர்லினின் உப்புப் பாத்திகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. இன்ஜின் இல்லை. கழிமுகத்திலிருந்து தானாக வரும் கால்வாய்த் தண்ணீரையும் அடுத்த பாத்திக்காரரான ராஜாங்கம் தன் இறால் குட்டைக்குத் திருப்பிக்கொண்டார். இந்த வருஷமும் உப்பு வாராவிட்டால் குத்தகையை ராஜாங்கத்துக்கு மாற்றிவிடுவதாக உப்பளச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் ஒருநாள் காலை, தட்டைக் கழுவாமல் வைத்ததற்காக மெர்லின் சின்ன பிரிட்டோவைப் பார்த்து, "நீயும் ஒரு ரேஸ்காரன், கடைசில வந்த நாயி" என்றாள். அவன் அழுதான். கண்ணீர் இரண்டு பக்கமும் வளைந்து ஊற்றி நடுவீட்டில் கணுக்கால் அளவு நின்றது. அவள் திட்டிக்கொண்டே தண்ணீரை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். மத்தியானத்துக்குள் வாசல் சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதல் தர உப்பு.

மறுநாளிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பாத்தி வரப்பில் அவனை உட்காரவைத்து, எதிரில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று திட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ளே சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. இன்ஜினைப் பற்றித் திட்டினாள், ஒரு பாத்தி நிரம்பியது. பிளக்ஸைப் பற்றித் திட்டியது இரண்டு பாத்திக்குப் போதுமானதாக இருந்தது. "உன்ன நம்பி என் தம்பி வேலைக்குச் சொல்லி வச்சான், இன்னா பண்ண நீ? போயி ரேஸ் கத சொல்லிட்டு வந்த" என்று ஆரம்பித்த நாளில் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது. அவன் ஒவ்வொன்றுக்கும் விம்மி அழுது, முடிந்ததும் நாலு விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பான். அது அவளை மறுபடி கிளப்பிவிடும். வெயில் நன்றாக இருந்தது. வாரி எடுத்த உப்பு கரையில் மலையாகக் குவிந்தது. கருவாட்டுக்காரம்மாள்கள் வந்து மொண்டு பார்த்து, மீனில் நன்றாகப் பிடிக்கிறது, கசப்பு இல்லை என்று கூடை கூடையாக வாங்கிப்போனார்கள். சங்கத்தார் வந்து குவியலைப் பார்த்துவிட்டு, குத்தகை மெர்லினிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, உப்பு வந்துவிட்டால் அதைக் கேட்பது வழக்கமில்லை.

ராஜாங்கம் கேட்டார். பதில் தெரிந்ததும் யோசித்தார். பொம்மையே இவ்வளவு அழுகிறதென்றால் அசல் எவ்வளவு அழும் என்று கணக்குப் போட்டு, பிரிட்டோவைத் தன் பாத்திக்கு மரியாதையாக அழைத்தார். ஊர் தன்னை மறந்து அந்தக் குள்ளனோடு போட்டோ எடுத்துக்கொள்கிற கடுப்பில் இருந்த பிரிட்டோ, ரேஸ் உடுப்போடு போனான். பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். திட்டுவதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்திருந்தார் ராஜாங்கம்.

"ஏம்பா, நீ மூணாவதா வந்தது மூணு காருலதான?" என்று ஓர் ஆள் ஆரம்பித்தான்.

"நல்லா கேட்ட" என்றான் பிரிட்டோ. "அன்னிக்கு மழைன்னா இன்னா மழ தெரியுமா? மொத திருப்பத்துல நான் எப்படி கட் பண்ணேன்னா..."

பொழுது சாயும்வரை பேசினான். திட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ராஜாங்கம்தான் கடைசி. தன் பாத்தியைத் தானே விட்டுவிட்டுப் போக முடியாமல் இரண்டாவது திருப்பம்வரை கேட்டார். பாத்தியில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் டீக்கடையில், கண்ணில் தண்ணீரே இல்லாதவன் என்று பேச்சு அடிபட்டது. பிரிட்டோ தாங்கிக்கொள்ள முடியாத முதல் பேச்சு அதுதான். மற்றதெல்லாம் அவன் காதில் பாராட்டாகவே விழுந்திருந்தது.

அதற்குள் பெங்களூர்க் கம்பெனியில் புகார்கள் சேர்ந்துவிட்டன. விளையாட்டில் பிரிட்டோவின் வண்டி ஆளில்லாமல் ஓடுகிறது என்று எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகள் எழுதினார்கள். சிலர், ஆளில்லாமல் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகிறது என்றும் எழுதியிருந்தார்கள். பிரிட்டோ இதைப் போனில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன்னால் நின்றான். மெர்லின் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்க இடம் காலியா இருக்குது. நான் போறேன்" என்றான்.

"சாப்புட்டுப் போ" என்றாள், நிமிராமல்.

"ரேஸுக்கு முன்னால வயிறு நெறய சாப்புடக் கூடாது."

அவன் டிவியின் ஓரத்தில் ஒரு காலை வைத்து உள்ளே ஏறினான். தோள்தான் கொஞ்சம் இடித்தது. சின்ன பிரிட்டோ பின்னாலிருந்து தள்ளிவிட்டு, "போலாமா?" என்று கேட்டான், ஆனால் சின்னவன் கூடப் போகவில்லை. மெர்லின் நிமிர்ந்து பார்த்தபோது புருஷனின் செருப்பு மட்டும் இருந்தது. திரையில் அவன் இடுப்பு உயரத்துக்குச் சுருங்கி, பெரிய தலையோடு கட்டை வண்டியில் உட்கார்ந்து கை ஆட்டிக்கொண்டிருந்தான். முன்பைவிடப் பொருத்தமாகத்தான் இருந்தான் என்று அவளுக்குப் பட்டது.

உப்பு விற்று வந்த காசில் மெர்லின் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கினாள், அதோடு சின்ன பிரிட்டோவை அழவைக்கும் வேலை நின்றது. சும்மா உட்கார்ந்து தின்ன அவளும் விடவில்லை, அவனும் உட்காரவில்லை. சீட்டின்மேல் நின்றுகொண்டு குட்டியானையை ஓட்டினான். திருப்பங்களில் சக்கரத்திலிருந்து நீலப் பொறி பறக்க வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு மூட்டையும் சரியாது. செக்போஸ்ட்டில் நிறுத்திய போலீஸ்காரர், நாலு சக்கர வண்டியிலும் ஹெல்மெட் போட்டிருப்பதைப் பாராட்டி அனுப்பினார். மெர்லினிடம் யாரும் அவனைப் புகழ்ந்தால், "ஆமா, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது" என்பாள்.

சாயங்காலங்களில் டிவியைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள். பிரிட்டோ தினம் ஓடினான், தினம் கடைசி. அவனைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் குறைவு. யாராவது விளையாட்டாகவோ கைதவறியோ எடுத்தால்தான் உண்டு. ஒருநாள் எந்த ஊரிலோ யாரோ அவனை எடுத்து, பின்னால் ஒருவரும் வராத ரோட்டில், வேண்டுமென்றே அந்தப் பட்டனை அமுக்கினார்கள். பிரிட்டோ அழுதான். மறுபடி அமுக்கினார்கள், மறுபடி அழுதான். அவன் அழுது மெர்லின் பார்த்ததில்லை. அவன் அம்மா செத்தபோதும் பார்த்ததில்லை. வாய்க்கு வந்த வார்த்தைகள் இரண்டு மூன்று இருந்தன, எல்லாம் நல்ல வார்த்தைகள், ஒவ்வொன்றும் ஒரு பாத்தி நிரப்பும். சொல்லவில்லை. எழுந்து போய், முந்தானையால் திரையை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தூசி, என்றாள், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

மறு வருஷம் ஈஸ்டர் முடிந்து, வீடு மந்திரிக்கப் புதிதாக வந்த பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு தெருவுக்கு வந்தார். மெர்லின் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். சின்ன பிரிட்டோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வீட்டில் எத்தனை பேர் என்று சாமியார் கேட்டார்.

"மூணு பேரு ஃபாதர்" என்றாள் மெர்லின். "வீட்டுக்காரரு டிவில இருக்காரு."

சாமியார் டிவியைப் பார்த்தார். அங்கே பந்தயம் நடந்துகொண்டிருந்தது. செபத்தைச் சொல்லி, சுவர் நாலுக்கும் தெளித்து, மெர்லின் மேல் தெளித்து, குனிந்து சின்ன பிரிட்டோவின் பெரிய தலைக்குக் கூடுதலாக ஒரு கை தெளித்துவிட்டு, டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாத்து ஃபாதர், கரண்ட்டு" என்றாள் மெர்லின். "கொஞ்சமா தெளிங்க. அவருக்கு அது போதும்."

சாமியார் விரல் நுனியை நனைத்துக் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.