கழுவிய கேன்

...சுத்தமான கேனில்தானே பிடிக்கச் சொன்னார்கள், இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும், என்று எண்ணியவாறே அவர் மடியிலிருந்த கேனின் மூடியை மூன்றாவது முறையாகத் திருகி இறுக்கினார். நேற்றுக் காலை ஆறு மணி முதல் இன்று காலை ஆறு மணி வரை ஒரு சொட்டு விடாமல் பிடித்த சிறுநீர்... இருபத்திரண்டு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த மனிதர், பரிசோதனைக்கூடத்து வாசலில் இதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமென்பது தலையெழுத்துதானே. கால் பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தது, செருப்பின் வார் வீங்கிய காலில் தடம் பதித்திருந்தது. இதுல புரதம் எவ்வளவு போகுதுன்னு பார்த்துட்டுத்தான் நீங்க திரும்ப வேலைக்குப் போகலாமான்னு சொல்வேன், என்றிருந்தார் டாக்டர். பெயிண்ட்ல கலக்குற தின்னர், பெட்ரோல் எல்லாம் புழங்குவீங்களா? கொஞ்சம் புழங்குவேங்க... ஏன் அப்படிச் சொன்னோம்? கொஞ்சமா? தினமும் மாலையில் முழங்கைவரை தின்னரில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர், அங்கேயே நில்லுங்க, அடுப்பு எரியுது, நீங்க பத்திக்கிட்டா பழி எம்மேல வரும், என்று மனைவியிடம் அன்றாடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர், கொஞ்சம் என்று எந்த வாயால் சொன்னார்? அவளுக்கு எல்லாமே கேலி... முகமூடியைப் போடுங்கண்ணே என்று பட்டறையில் எத்தனை பேர் சொன்னார்கள், போட்டால் கலவையின் பதம் எப்படித் தெரியும், எனக்கு மூக்குதான்டா அளவுகோல், என்று அதை ஆணியில் மாட்டியவரும் அவரேதான்.

கூப்பிட்டார்கள். பரிசோதனைக்கூடத்துப் பெண் மூடியைத் திறந்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயா, இதுல முன்னாடி என்ன வச்சிருந்தீங்க? தின்னர்ம்மா, ஆனா நல்லா கழுவிட்டேன். எதுல கழுவினீங்க? அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. கழுவுவதென்றால் தின்னரில்தானே, பட்டறையில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் பெயிண்ட் கொப்புளம் போட்டுவிடுமே, அங்கே தண்ணீர்தானே அழுக்கு... இரண்டு முறை தின்னர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவைத்த கேன் அல்லவா. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, ஜன்னலைத் திறந்தாள். இது செல்லாதுங்கய்யா, புது கேன் தரேன், மறுபடி ஒரு நாள் முழுக்கப் பிடிச்சுட்டு வாங்க... இவ்வளவு வாடை அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?

தெரியலையா என்றால்... அவர் பழைய கேனையும் அவள் தந்த புதுக் கேனையும் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். பெஞ்சில் இருந்த பெரியவரின் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்ள, இருவரும் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். இவர் மூடியைத் திறந்து முகர்ந்தார், பிறகு புதுக் கேனை முகர்ந்தார், மறுபடி பழையதை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, ஒன்றுமே இல்லாமல். உள்ளங்கையை முகர்ந்தார், சட்டைக் கையை... படுக்கும்போது ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று தன் மனைவி அடம்பிடிப்பது காற்றுக்காக என்றல்லவா நினைத்திருந்தார். எதிரே டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது, கொஞ்சம் என்ற அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எழுந்தால் நாலே எட்டுதான்... ஆனால் அவர் பழைய கேனின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். போன வாரம்கூடக் கலவையை மூக்கருகே கொண்டுபோய், பதம் சரியா இருக்குடா, என்றாரே... எதை முகர்ந்து அப்படிச் சொன்னார்? எந்த வருடத்திலிருந்து?